கடன் கேள்வி பதில்: வீட்டு விலைய விட பேங்க் பாக்கி ஜாஸ்தி, இப்ப என்ன பண்றது?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய பேர் ஒரே விஷயத்ததான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க. வீட்ட வித்தா 30 வரும், பேங்க்ல 35 நிக்குது, என்ன செய்யன்னு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பதில் சொல்றவன் பேங்க் லோன் செக்ஷன்ல வேலை பாத்து ரிடையர் ஆனவன், அதனால பேங்க் பக்கம் கொஞ்சம் சாயற மாதிரி தெரிஞ்சா மன்னிச்சுக்கோங்க.

கேள்வி: சார், முடிச்சூர்ல 2014ல 45 லட்சத்துக்கு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கினோம். 2015 வெள்ளத்துல கீழ் வீடு முழுகிச்சு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல திரும்பவும் தெருவுல போட் வந்துச்சு. நடுவுல 2021ல டாப்-அப் லோன் 7 லட்சம் எடுத்தோம். இப்ப ரெண்டும் சேத்து பாக்கி 33 லட்சம், புரோக்கர் 29க்கு மேல போகாதுங்கறார். வீட்டுக்காரருக்கு சம்பளம் ஒழுங்கா வருது, இஎம்ஐ ஒரு மாசம் கூட தவறல. ஆனா என் தம்பி, "அக்கா, சாவிய பேங்க்ல குடுத்துட்டு வந்துடு, 29 லட்ச ரூபா வீட்டுக்கு எதுக்கு 33 கட்டணும்"ங்கறான். அப்படி பண்ணலாமா?
- வாசகி, முடிச்சூர்

பதில்: தம்பி அமெரிக்கா வீடியோ ஏதாவது பாத்திருப்பார்மா. அங்க சில மாநிலத்துல சாவிய குடுத்துட்டு போனா கணக்கு முடியும், நம்மூர்ல முடியாது. இங்க ஹோம் லோன்ங்கறது உங்க வீட்டுக்காரர் (நீங்க கோ-அப்ளிகண்ட்டா கையெழுத்து போட்டிருந்தா நீங்களும்தான்) சொந்தப் பொறுப்புல வாங்கின கடன், வீடு அதுக்கு அடமானம், அவ்வளவுதான். பேங்க் ஏலம் விட்டு 24 வந்துச்சுன்னு வைங்க, மீதி 9க்கும் ஏலச் செலவுக்கும் சர்ஃபாசி சட்டம் (பேங்க் கோர்ட்டுக்கு போகாமலே அடமானத்த எடுத்து ஏலம் விட வழி குடுக்கற சட்டம்) 13(10) பிரிவ காட்டி உங்க சம்பளம், வேற சொத்துன்னு பின்னாடி வரலாம். வீடும் போய், கடனும் பாதி நின்னு, சிபிலும் போய், அப்புறம் வாடகை வீட்டு அட்வான்சுக்கு அலையணும்.

ஒண்ணு யோசிங்க. விலை எறங்கினது உங்களுக்கு எப்ப பிரச்சனையாகுது? விக்க வேண்டிய கட்டாயம் வந்தாதான். மாசாமாசம் இஎம்ஐ கட்ட முடியுது, குடியிருக்க வீடு இருக்கு, அதே ஏரியால வாடகைக்கு போனாலும் பணம் போகத்தான் போகுது. இஎம்ஐ கட்ட முடியாதவங்களுக்கும் உங்களுக்கும் வைத்தியம் வேற வேற. உங்களுக்கு வேண்டியது பாக்கிய சீக்கிரம் எறக்கறது.

அதுல முதல் வேலை, உங்க லோன் எந்த வட்டி முறைல ஓடுதுன்னு பாருங்க. 2014ல எடுத்ததுன்னா பேஸ் ரேட் முறைல ஆரம்பிச்சிருக்கும். 2016 ஏப்ரல்ல எம்சிஎல்ஆர்னு இன்னொரு முறை வந்துச்சு, 2019 அக்டோபர்ல இருந்து பேங்க் குடுக்கற புது ஃப்ளோட்டிங் (ஏறி எறங்கற வட்டி) ஹோம் லோன் எல்லாம் ரெப்போ (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குக்கு கடன் குடுக்கற வட்டி) மாதிரி வெளி அளவுகோலோட கட்டியாச்சு, ஆனா பழைய கஸ்டமர் கேக்காத வரைக்கும் நெறைய பேங்க் வாய தொறக்காது (நாங்களே தொறக்க மாட்டோம், இப்ப சொல்றதுல என்ன). ஒரு சின்ன கட்டணம் கட்டி மாத்திக்கலாம். உங்க மெயின் லோன்ல ஒரு 26 லட்சம் நிக்குதுன்னு வச்சா ஒன்றரை சதவீதம் கொறைஞ்சாலே வருஷத்துக்கு 39 ஆயிரம் ரூபா. பிராஞ்சுல போய் "இன்னைக்கு புது கஸ்டமருக்கு என்ன வட்டி, எனக்கு என்ன வட்டி"ன்னு எழுத்துல கேளுங்க. வேற பேங்குக்கு மாத்தறேன்னு மிரட்டறதெல்லாம் உங்க கேஸ்ல எடுபடாது, ஏன்னா புது பேங்க் வேல்யூவர அனுப்பும், 29 லட்ச வீட்டுக்கு 33 லட்சம் யாரும் டேக்-ஓவர் பண்ண மாட்டாங்க.

ரெண்டாவது, வட்டி எறங்கும்போது இஎம்ஐய எறக்கச் சொல்லாதீங்க, அதே இஎம்ஐ கட்டி மாசத்த கொறைங்க. வட்டி ஏறும்போது இதுக்கு தலைகீழா நடந்ததுதான் பல பேர் முழுகினதுக்கு காரணம். கணக்கு போட்டு காட்டறேன். 50 லட்சம், 7 சதவீதம், 20 வருஷம்னா இஎம்ஐ 38,765. ஆரம்பத்துலயே வட்டி 9 ஆகி இஎம்ஐய மட்டும் ஏத்தாம விட்டா கடன் முடிய 38 வருஷம் ஆகும். 2022 மேல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ 4ல இருந்து 6.50க்கு போனப்போ இப்படித்தான் சத்தமில்லாம மாசம் நீண்டுச்சு. அதுக்கப்புறம்தான் ரிசர்வ் பேங்க் 2023 ஆகஸ்ட்ல, இஎம்ஐய ஏத்தறதா மாசத்த நீட்டறதா ரெண்டும் கலந்து பண்றதாங்கறத கஸ்டமர்கிட்ட கேக்கணும்னு சொல்லுச்சு. போனஸ் வந்தா, சீட்டு எடுத்தா, பார்ட் பேமென்ட்டா போடுங்க, தனி ஆள் ஃப்ளோட்டிங் ஹோம் லோனுக்கு அபராதம் கெடையாது. டாப்-அப் வட்டி ஜாஸ்தியா இருந்தா முதல்ல அத முடிங்க.

இல்ல சார், இனி ஒரு மழைக்கு அங்க இருக்க முடியாது, வித்தே ஆகணும்னா அதுவும் முடியும். பேங்க்ல, கடன முழுசா முடிக்க எவ்வளவுன்னு சொல்ற ஃபோர்குளோஷர் லெட்டரும், அவங்க கைல இருக்கற பத்திரங்களோட லிஸ்ட்டும் வாங்கிக்கோங்க. வாங்கறவர் லோன் போட்டார்னா அவர் பேங்க் நேரா உங்க பேங்க் பேர்ல டிடி குடுக்கும், கொறையற 4 லட்சத்த அன்னைக்கே நீங்க கட்டணும். அது நகைக்கடனோ பிஎஃப்போ, எதுவா இருந்தாலும் முன்னாடியே கைல வச்சுக்கிட்டு அப்புறம் அட்வான்ஸ் வாங்குங்க. கடன் முடிஞ்சதும் பேங்க் 30 நாளுக்குள்ள பத்திரத்த திருப்பணும், தாமதம் அவங்க பக்கம்னா நாளுக்கு 5,000 ரூபா அவங்க உங்களுக்கு தரணும், இது 2023 டிசம்பர் 1ல இருந்து நடைமுறை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல எம்ஓடி (பத்திரத்த அடமானமா குடுத்ததுக்கான பதிவு) போட்டிருப்பீங்க இல்ல, அதுக்கு ரசீது பதிஞ்சு வில்லங்கத்துல கடன் முடிஞ்சது தெரியற மாதிரி பண்ணிடுங்க. தண்ணி வந்தத மறைக்காதீங்கம்மா, வாங்கறவர் ஃபோன்லயே தெரு பேர் போட்டு பாத்துட்டுதான் வருவார்.

கேள்வி: வணக்கமுங்க சார். திருப்பூர்ல சின்னதா பவர் டேபிள் தையல் யூனிட் வச்சிருக்கேனுங்க. அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டதுக்கு அப்புறம் ஆர்டர் நின்னு போச்சுங்க. வீட்ட அடமானம் வச்சு எடுத்த ஓவர் டிராஃப்ட், வட்டியோட 64 லட்சம் நிக்குதுங்க. வீடு நல்ல விலைக்கு போனாலே 52தான். போன வாரம் 13(2)னு போட்டு நோட்டீஸ் வந்திருக்குதுங்க. ஒருத்தர் ஒன்றரை லட்சம் குடுத்தா டிஆர்டில (கடன் வசூல் தீர்ப்பாயம்) ஸ்டே வாங்கித் தரேங்கறாருங்க. குடுக்கலாங்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: குடுக்காதீங்க. 13(2)ங்கறது பாக்கிய கட்டுன்னு சர்ஃபாசி சட்டத்துல வர்ற முதல் நோட்டீஸ், அது வந்த நிலைமைல டிஆர்டில போய் நிக்கவே முடியாதுங்க, பேங்க் அடுத்த அடி எடுத்து வச்சாதான் அங்க வேலை. அந்த ஆளுக்கு அது தெரியாதா இருக்கும், இல்ல நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

நோட்டீஸ் தேதில இருந்து உங்களுக்கு 60 நாள் இருக்கு, இந்த 60 நாள்தான் உங்க முழு ஆயுதம். முதல்ல நோட்டீஸ்ல இருக்கற தொகைய உங்க ஸ்டேட்மென்ட்டோட ஒப்பிடுங்க, அபராத வட்டி, இன்ஸ்பெக்ஷன் சார்ஜுன்னு என்னென்ன ஏத்தியிருக்காங்கன்னு பாருங்க. ஆட்சேபம் இருந்தா எழுத்துல ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க, பேங்க் 15 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும், அது 13(3A). நோட்டீஸ் கைக்கு வந்ததுக்கு அப்புறம் பேங்க் எழுத்துல சம்மதிக்காம வீட்ட விக்கக் கூடாதுங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், மச்சான் பேருக்கு மாத்தி எழுதற யோசனையெல்லாம் இருந்தா விட்டுடுங்க.

60 நாள் தாண்டினா 13(4), அதாவது பேங்க் வீட்ட சுவாதீனம் எடுக்கற கட்டம். கதவுல நோட்டீஸ் ஒட்டுவாங்க, ரெண்டு பேப்பர்ல போடுவாங்க, ஊரே படிக்கும். இது பெரும்பாலும் காகிதத்துல எடுக்கற சுவாதீனம்தான், ஆள வெளிய அனுப்பணும்னா கலெக்டர்கிட்டயோ தலைமை ஜுடிசியல் மாஜிஸ்திரேட்கிட்டயோ 14ஆம் பிரிவுல ஆர்டர் வாங்கிட்டு வரணும். இந்த கட்டத்துல 45 நாளுக்குள்ள டிஆர்டி போகலாம், உங்களுக்கு கோயம்புத்தூர்லயே இருக்கு. பேங்க் நடைமுறைல தப்பு பண்ணியிருந்தா போறதுல அர்த்தம் இருக்கு, சும்மா நாள் கடத்த போனா ஒரு பகுதி பணத்த கட்டிட்டு வாங்கன்னுதான் பெரும்பாலும் சொல்வாங்க. கடைசியா ஒரு கோடு இருக்கு. முழு பாக்கியும் கட்டி வீட்ட மீட்கற உரிமை ஏல அறிவிப்பு வெளியாகற வரைக்கும்தான், அதுக்கு மேல பணத்தோட போனாலும் கஷ்டம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். கடன் வீட்டு விலைய விட ஜாஸ்தியா இருக்கறதுதான் உங்களுக்கு பேரத்துல இருக்கற பலம். எப்படின்னா, பேங்க் கிட்ட இருக்கற வேல்யூவேஷன் ரிப்போர்ட்ல மூணு நம்பர் இருக்கும். மார்க்கெட் விலை, கைக்கு வரக்கூடிய விலை, அவசரமா வித்தா வர்ற விலை. ரீஜினல் ஆபீஸ்ல ஒன் டைம் செட்டில்மென்ட் (பாக்கிய ஒரு தொகைக்கு பேசி ஒரேயடியா முடிக்கறது) ஃபைல பாக்கறவர் முதல் நம்பர பாக்கவே மாட்டார், மூணாவத பாப்பார். உங்க 52 அங்க 40, 42ன்னு எழுதியிருக்கலாம். முதல் ஏலத்துக்கு ஆள் வரலன்னா ரிசர்வ் விலைய கொறைச்சு மறு ஏலம், குடியிருக்கற வீடுன்னா ஏலம் கேக்க வர்றவனே தயங்குவான், இதுக்கெல்லாம் வக்கீல் ஃபீஸ், செக்யூரிட்டி, வருஷக்கணக்குல நேரம். இதெல்லாம் போக பேங்க் கைக்கு என்ன வரும்னு நீங்களே ஒரு கணக்கு போட்டு, அதுக்கு கொஞ்சம் மேல ஒரு தொகைய நீங்க சொல்லணும். வாய்ல சொல்லாதீங்க. அங்கீகாரம் உள்ள வேல்யூவர்கிட்ட நீங்களும் ஒரு ரிப்போர்ட் வாங்கி, ஆர்டர் ரத்தான ஈமெயில், ஜிஎஸ்டி ரிட்டர்ன் வச்சு, ஒரு பகுதிக்கு டிடியோட லெட்டர் குடுங்க. டிடி இல்லாத லெட்டர் எங்க டேபிள்ல அடியிலதான் போகும். நானா இருந்தா 44ல ஆரம்பிச்சு 48க்குள்ள முடிக்கப் பாப்பேன். ஆனா செட்டில்மென்ட் உங்க உரிமைன்னு நெனைச்சுக்காதீங்க, கேட்டு வாங்கறதுதான், 2021 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே அத சொல்லிருச்சு.

48க்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. அந்த வீட்ட வித்துத்தான். பேங்க் சம்மதத்தோட நீங்களே ஆள் பாத்து 52க்கு வித்தா செட்டில்மென்ட் போக கைல கொஞ்சம் நிக்கும், பேங்க் ஏலத்துல 40க்கு போச்சுன்னா 24 லட்சம் கடன் உங்க தலைல நிக்கும். வீடு போறது வலிக்கும்ங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரெண்டு வழிலயும் வீடு போகுது, ஒண்ணுலதான் கடனும் சேந்து போகுது. பணம் கட்டினதும் பாக்கி இல்லைங்கற சான்று எழுத்துல வாங்காம வராதீங்க. சிபில்ல "செட்டில்டு"ன்னு விழும், சில வருஷம் புது கடன் கஷ்டம்தான்.

வசூல் ஆளுங்க காலைல 8க்கு முன்னாடியோ சாயங்காலம் 7க்கு மேலயோ கூப்பிடக் கூடாது, பக்கத்து வீட்ல போய் சொல்லக் கூடாது. மீறினா பேங்க்குக்கு எழுத்துல புகார், 30 நாள்ல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன், 14448ல கேட்டா வழி சொல்வாங்க.

இத படிக்கற மத்த யூனிட்காரங்களுக்கு ஒண்ணு. உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இருந்தா, கணக்கு என்பிஏ (வாராக் கடன்) ஆகறதுக்கு முன்னாடியே, அதாவது பாக்கி விழுந்து 90 நாள் ஆகறதுக்குள்ள, சிறு தொழில் மறுசீரமைப்பு கேட்டு லெட்டர் குடுத்துடுங்க. 2024ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதான், முன்னாடி கேட்டா பேங்க் பரிசீலிச்சே ஆகணும், என்பிஏ ஆகும்போதும் சொல்லாம, வசூல் நடவடிக்கை எல்லாம் முடியற வரைக்கும் விட்டுட்டு வந்து கேட்டா பிரயோஜனம் இல்ல.

கேள்வி: அண்ணா, நாவலூர் பக்கம் 2019ல ஃப்ளாட் புக் பண்ணேன், 2022ல சாவின்னாங்க, ஏழாவது மாடியோட வேலை நின்னிருக்கு. 40 லட்சம் லோன்ல 32 லட்சம் பில்டருக்கு போயாச்சு. அரைகுறை கட்டடத்த 20க்கு கூட யாரும் கேக்கல. இஎம்ஐய நிறுத்திடலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: நிறுத்தாதீங்க தம்பி. பில்டர் ஏமாத்தினது உங்களுக்கும் அவருக்கும், பேங்க் கடன் தனி, நிறுத்தினா நோட்டீஸ் வர்றது உங்களுக்குத்தான். இன்னைக்கே பேங்க்குக்கு ஒரு லெட்டர்: வேலை நின்னிருக்கு, மீதி 8 லட்சத்துல ஒரு ரூபா கூட என் எழுத்து இல்லாம விடாதீங்கன்னு, ஃபோட்டோவோட. அடுத்தது ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 18ஆம் பிரிவுல ரெண்டு வழி, வெளிய வரணும்னா கட்டின முழு பணமும் வட்டியோட, இருந்து வாங்கிக்கறேன்னா சாவி தர்ற வரைக்கும் மாசாமாசம் தாமத வட்டி. தனியா போகாம மத்த புக்கிங்காரங்களோட சேந்து போங்க. பில்டர்கிட்ட பணமே இல்ல, ஆர்டர் வாங்கினாலும் தேறாதுன்னா திவால் தீர்ப்பாயம் இருக்கு, 2018ல இருந்து வீடு புக் பண்ணவங்களும் நிதிக் கடன் குடுத்தவங்க கணக்குலதான் வர்றாங்க, ஆனா 100 பேரோ இல்ல மொத்தத்துல 10 சதவீதம் பேரோ சேரணும்.

கேள்வி: சார், டெக்சாஸ் ஆஸ்டின் பக்கத்துல லியாண்டர்ல 2022 ஆரம்பத்துல 4 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வீடு வாங்கினேன். எஃப்ஹெச்ஏ லோன் (அமெரிக்க அரசு காப்புறுதியோட வர்ற வீட்டுக் கடன்), 3.5 சதவீதம்தான் டவுன் பேமென்ட், வட்டியும் 3.5. இப்ப பாக்கி 4 லட்சத்து 20 ஆயிரம், ஏஜென்ட் 3 லட்சத்து 85 ஆயிரம்தான் போகும்ங்கறார். போன மாசம் லே-ஆஃப், ஹெச்1பி வேலை விசால இருக்கேன், 60 நாள்ல வேற வேலை கெடைக்கலன்னா ஊருக்கு கெளம்பணும். வீட்ட அப்படியே விட்டுட்டு வந்துடலாமா?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: தம்பி, ஆஸ்டின்ல 2022ல உச்சத்துல வாங்கின நெறைய பேர் இதே நிலைமைலதான் இருக்காங்க, மனச விட்டுடாதீங்க. உங்ககிட்ட ஒரு நல்ல சரக்கு இருக்கு, அத கவனிக்காம வீட்ட மட்டும் விக்கப் பாக்கறீங்க. உங்க 3.5 சதவீத வட்டிய சொல்றேன். எஃப்ஹெச்ஏ கடன வாங்கறவர் பேர்ல அப்படியே மாத்தலாம், அங்க அஸம்ப்ஷன்னு சொல்வாங்க. உங்க கடனுக்கு அசலும் வட்டியும் சேந்து மாசம் சுமார் 2,030 டாலர். ஒருத்தர் புதுசா 3 லட்சத்து 85 ஆயிரம் 6.5 வட்டில எடுத்தா மாசம் சுமார் 2,430. அதாவது உங்க கடன ஏத்துக்கறவர் வீட்டுக்கு 35 ஆயிரம் டாலர் ஜாஸ்தி குடுத்த மாதிரி தெரிஞ்சாலும் மாசம் 400 டாலர் மிச்சம், கடனும் சீக்கிரம் முடியும். எல்லா ஏஜென்ட்டுக்கும் இது தெரியாது, தெரிஞ்சவர பிடிங்க. லோன் சர்வீசர் (உங்க கடன் தவணைய வசூல் பண்ற கம்பெனி) ஒத்துக்க ரெண்டு மூணு மாசம் இழுக்கும், அதனால இன்னைக்கே ஆரம்பிங்க, முடியும்போது உங்க பொறுப்பு விடுபட்டதுன்னு எழுத்துல வாங்குங்க. அது இல்லாம அவர் கட்டலன்னா உங்க பேர் கெடும்.

அது நடக்கலன்னா ஷார்ட் சேல், பாக்கிய விட கொறைஞ்ச விலைக்கு விக்க சர்வீசர் சம்மதிக்கறது. அதுவும் முடியலன்னா வீட்டுப் பத்திரத்தையே அவங்க பேர்ல எழுதிக் குடுக்கறது. ரெண்டுலயும் "மீதிய கேக்க மாட்டோம்"ங்கற வரி காகிதத்துல இருக்கணும். சும்மா விட்டுட்டு வந்தா என்ன ஆகும்னா, டெக்சாஸ்ல கோர்ட்டுக்கே போகாம ஃபோர்குளோஷர், அதாவது வீட்ட எடுத்து ஏலம் விடறது, பண்ணலாம், மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை கவுன்ட்டில ஏலம், கொறையறதுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள உங்க மேல கேஸ் போடலாம். (ஏல விலை அடிமாட்டு விலையா இருந்தா நியாயமான மார்க்கெட் விலைய கழிச்சுக்கோங்கன்னு நீங்க கேக்கலாம், அந்த அளவுக்கு சட்டம் தயவு காட்டுது.) கலிஃபோர்னியால இருக்கற ஃப்ரெண்ட் எனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னார்னா அங்க குடியிருக்க வாங்கின வீட்டுக் கடனுக்கு சட்டம் வேற. பொதுவா 120 நாள் பாக்கி சேர்ற வரைக்கும் ஃபோர்குளோஷர் ஆரம்பிக்க முடியாது, அந்த நேரத்த உபயோகப்படுத்துங்க, ஹட் (அமெரிக்க அரசோட வீட்டுவசதித் துறை) அங்கீகாரம் உள்ள ஹவுசிங் கவுன்சிலர் இலவசமாவே பேசுவார். அதே நேரத்துல காசு வாங்கிட்டு காப்பாத்தறேன்னு ஃபோன் பண்றவன் அங்கயும் இருக்கான்.

தள்ளுபடி ஆன தொகைக்கு 1099-சின்னு ஒரு வரிப் படிவம் வரும், அத வருமானமா எடுத்துப்பாங்க. குடியிருந்த வீட்டுக்கு குடுத்திருந்த சலுகைக்கு 2025 கடைசின்னு தேதி போட்டிருந்தாங்க. அது கெடைக்கலன்னா, அன்னைக்கு உங்க சொத்த விட கடன் ஜாஸ்தின்னு காட்டி படிவம் 982 போட வழி இருக்கு, ஒரு சிபிஏவ (அங்கத்த ஆடிட்டர்) பாருங்க. திரும்ப அங்கயே வேலைக்கு போற எண்ணம் இருந்தா இன்னொண்ணு, ஃபேனி மே (பேங்குகள்கிட்ட இருந்து வீட்டுக் கடன வாங்கற அமெரிக்க நிறுவனம்) கணக்குல அடுத்த வீட்டுக் கடனுக்கு, ஃபோர்குளோஷர்னா 7 வருஷம் காத்திருக்கணும், ஷார்ட் சேலுக்கு 4.

கேள்வி: ஐயா, மாப்பிள்ளை வீடு கட்ட வாங்கின கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவர் கட்டறதில்ல, வீடும் கடனுக்கு காணாது. முதல்ல அவர் வீட்ட வித்துட்டுத்தானே என்கிட்ட வரணும்?
- வாசகர், விருதுநகர்

பதில்: அப்படி ஒரு வரிசை சட்டத்துல இல்லீங்கய்யா. ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுல கடன்காரருக்கு இருக்கற அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும், பேங்க் நெனைச்சா நேரா உங்ககிட்டயே வரலாம். நீங்க கட்டினா பேங்க்குக்கு இருந்த உரிமை எல்லாம் உங்களுக்கு வரும், அந்த வீட்டு அடமானம் உள்பட, மாப்பிள்ளைகிட்ட கேக்கலாம் (பொண்ணு முகத்த பாத்துட்டு கேப்பீங்களாங்கறது வேற கதை). செட்டில்மென்ட் பேசப்போனா அவரோட நீங்களும் போய், ஜாமீனும் சேத்து விடுவிக்கறோம்னு அந்த லெட்டர்ல எழுத வைங்க, இல்லன்னா அவர் கணக்கு முடிஞ்சும் உங்க பேர் தொங்கிட்டு இருக்கும். பேங்க் தபால் வந்தா ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பற பழக்கம் வேண்டாம், சரியான விலாசத்துக்கு வந்தத திருப்பினாலும் வாங்கினதாத்தான் எடுத்துப்பாங்க.